ஞாயிறு அப்பா

வணிக வளாகத்தின் மாடிப்படிக்குக் கீழே ஒரு கடை. இரண்டு பேர் நின்றால் மூன்றாவது ஆள் மூச்சை அடக்கிக்கொண்டுதான் நிற்க வேண்டும். அங்கே பழைய போனிலிருந்து புதிய போனுக்கு எண்களை மாற்றிக்கொடுப்பவருக்கு பிளஸ் என்று பெயர். பெற்றோர் வைத்த பெயர் வேறு. அது மின்சார பில்லில் மட்டும் இருக்கிறது.

யார் போனைக் கொடுத்தாலும், எண்ணுக்கு முன்னால் கூட்டல் குறியும் நாட்டுக் குறியீடும் இருக்கிறதா என்றுதான் மனிதர் முதலில் பார்ப்பார். இல்லையென்றால் போச்சு. நாளைக்கு நீ வேறு நாட்டில் போய் இறங்கினால் உன் பெண்டாட்டியைக்கூடக் கூப்பிட முடியாதே என்று பிடித்துக்கொள்வார். குறியீடு இல்லாத எண்களுக்கெல்லாம் இந்த நாட்டுக் குறியீட்டை ஒரே தட்டில் சேர்த்துவிடும் வசதி உண்டு. மற்ற கடைக்காரர்கள் அதைத் தட்டிவிட்டுத் தேநீர் குடிக்கப் போய்விடுவார்கள். நம்ம ஆள் அதைத் தொடமாட்டார். ஒவ்வொரு பெயராக வாசித்து, இவர் இங்கே இருக்கிறாரா, வெளிநாட்டில் இருக்கிறாரா என்று கேட்பார். இருநூறு பெயர் என்றால் இருநூறு தடவை. அதனால் யார் மைத்துனர் எங்கே வேலை பார்க்கிறார், யாருக்கும் யாருக்கும் பேச்சுவார்த்தை இல்லை என்பதெல்லாம் அவருக்கு அத்துப்படி.

தன் வீட்டுக் கதையை மட்டும் சொல்லமாட்டார். மனைவி இறந்து ஆறு வருஷம். இருப்பது ஒரே மகள். எட்டு மாதத்துக்கு முன்பு அவளுக்கு வெளிநாட்டில் வேலை கிடைத்தபோது, தனியாகப் போகாதே என்று மல்லுக்கு நின்றார். அவள் கேட்கவில்லை. பெட்டியை வாசலுக்கு இழுத்தவளிடம், போய்ச் சேர்ந்ததும் எனக்குப் போன் பண்ண வேண்டாம் என்று வாய்க்கு வந்ததைச் சொல்லிவிட்டார். அவள், அங்கே கம்பெனி தனக்குக் கொடுத்திருக்கும் எண்ணைச் சீட்டில் எழுதி ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டிவிட்டுப் போனாள். அப்பனுக்குத் தப்பாமல் பிறந்தவள்; பண்ணாதே என்றால் பண்ணமாட்டாள்.

மூன்றாம் நாளே பிளஸுக்கு மனசு கேட்கவில்லை. பேசினால் குரல் உடைந்துவிடும் என்று பயந்து, ஞாயிறுதோறும் செய்தி அனுப்பினார். சாப்பிட்டியா? அங்கே குளிரா? குழாய்க்கு வாஷர் மாற்றிவிட்டேன், இப்போது சொட்டுவதில்லை. ஒன்றுக்கும் பதில் இல்லை. மகள் தன்னைத் தலைமுழுகிவிட்டாள் என்றே முடிவு கட்டினார். ஆனாலும் ஞாயிறு வந்தால் விரல் சும்மா இருக்காது.

அப்படி இருக்கையில்தான் ஒரு மத்தியானம் ரொட்டிக் கம்பெனி வேன் ஓட்டுநர் உடைந்த போனும் புதுப் போனுமாக வந்தார். நாற்பது வயது, முழங்கையெல்லாம் மாவு. பிளஸ் வழக்கம்போல வாசித்தார். கிடங்கு மேனேஜர்? இங்கேதான். அக்கா வீட்டுக்காரர்? வெளிநாடு. ஞாயிறு அப்பா?

ஓட்டுநர் கூச்சமாகச் சிரித்தார். "அது யாருன்னே தெரியாது சார். யாரோ ஒரு அப்பா, புள்ளைக்கு அனுப்புறதா நினைச்சு எனக்கு அனுப்பிட்டிருக்காரு. தப்பான நம்பர்னு சொன்னா நின்னுடுமேன்னு விட்டுட்டேன். என்னை யாரு சார் சாப்பிட்டியான்னு கேக்குறா?"

பிளஸ் எண்ணைப் பார்த்தார். அது தன்னுடைய எண்தான் என்று புரிய ஒரு நொடி ஆனது. செய்திகளைத் திறந்தார். குழாய் வாஷர் வரைக்கும் எல்லாம் அங்கே பத்திரமாக உட்கார்ந்திருந்தது.

தன் போனில் மகளின் எண்ணைத் தேடி எடுத்தார். அந்த நாட்டுக்காரர்கள் எழுதுவதுபோல் அவள் சீட்டில் குறியீடு இல்லாமல் எழுதியிருந்தாள். இவரும் கோபத்தில் அப்படியே ஏற்றிவிட்டார். நமக்கு வேண்டியவர்கள் எல்லாம் இங்கேதானே என்று, அந்தப் பாழாய்ப்போன வசதியைத் தன் போனில் மட்டும் என்றைக்கோ போட்டு வைத்திருந்தார். அது புதிதாக ஏற்றிய எண்ணுக்கும் சமர்த்தாக இந்த நாட்டுக் குறியீட்டைச் சேர்த்து, மகளுக்குப் போக வேண்டியதையெல்லாம் ரொட்டி வேனில் ஏற்றிவிட்டது.

"அட முட்டாளே," என்று வாய்விட்டுச் சொன்னார். தன்னைத்தான் சொல்கிறாரோ என்று ஓட்டுநர் திகைத்தார். விஷயத்தைக் கேட்டதும், அன்றைக்கே சொல்லியிருக்கணுமே என்று கையைப் பிசைந்தார். உங்கள்மேல் என்ன தப்பு என்று பிளஸ் அவரை ஸ்டூலில் உட்காரவைத்தார்.

குறியீட்டைத் திருத்தினார். இனிச் செய்தியெல்லாம் சரிப்படாது, கூப்பிட வேண்டியதுதான். ஆனால் அவள் எடுப்பாளா? அவள் பக்கத்திலிருந்து யோசித்தால் தலைமுழுகியவர் இவர்தானே. எட்டு மாதம் ஒரு வார்த்தை விசாரிக்காத அப்பனிடம் அவள் எதற்குப் பேச வேண்டும்? ஆனாலும் அழைப்புப் பொத்தானைத் தட்டிவிட்டார்.

இரண்டாவது மணியிலேயே எடுத்தாள். "அப்பா" என்றாள்.

"எட்டு மாசம்பா. நீங்க கூப்பிடுவீங்கன்னு தினம் போனைத் தலைமாட்டுலயே வச்சுட்டுத் தூங்கினேன்."

சொல்வதற்கு ஒரு முழு விளக்கம் அவர் கையில் இருந்தது. குறியீடு, ரொட்டி வேன், முப்பத்தைந்து செய்திகள். சாட்சிக்கு ஓட்டுநரே ஸ்டூலில் இருந்தார். சொல்லுங்க சார், சொல்லுங்க என்று சைகை வேறு காட்டினார். பிளஸ் வேண்டாம் என்று கையை ஆட்டினார்.

"வாசல்ல அப்படிச் சொன்னது என் தப்பும்மா," என்றார். "அதைச் சொல்லத்தான் கூப்பிட்டேன்."