தண்ணி வடிஞ்சிட்டா?

எங்கள் தொழிலில் வாடிக்கையாளர் தூங்கினால்தான் வேலையே நடக்கும். கல்முனைப் பக்கத்து ஆஸ்பத்திரி ஒன்றில், மூளையின் மின்னோட்டத்தைக் கோடுகளாகப் பதியும் மெஷினுக்கு நான்தான் பொறுப்பு. நோயாளி முதல்நாள் இரவெல்லாம் விழித்திருந்து, காலையில் வந்து, தலை நிறைய வயர் ஒட்டிக்கொண்டு என் முன்னால் தூங்க வேண்டும். கெட்ட கனவு கண்டு அலறி எழும்பி, வீட்டாரிடம் ஏச்சும் வாங்கும் உங்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

ஓதின எண்ணெய்

மருதமுனையிலிருந்து பரீதா வந்தாள். கலியாணம் முடித்து நான்கு மாதம். தூக்கத்தில் அலறி, பக்கத்தில் கிடக்கும் மாப்பிள்ளையின் மணிக்கட்டை நகம் பதியப் பிடிக்கிறாளாம். எங்கள் பக்கத்தில் மாப்பிள்ளைதான் பெண் வீட்டில் வந்து குடியிருப்பது. அந்த நிசார் ஒரு கிழமைக்கு முன் பேக்கைத் தூக்கிக்கொண்டு தன் உம்மா வீட்டுக்குப் போய்விட்டார். வலிப்பா, ஜின் பிடித்திருக்கிறதா என்று தெரிந்த பிறகுதான் திரும்பி வருவாராம். அன்றைக்கு அவளோடு வந்திருந்தும், வராந்தாவின் மற்றக் கோடியில் தனியாக உட்கார்ந்திருந்தார்.

எண்ணெய் வைக்காமல் வரச்சொல்லித் துண்டுக் கடதாசியில் எழுதியே கொடுத்திருந்தேன். பரீதாவின் தலையோ சொட்டிக்கொண்டிருந்தது. ஒட்டிய வயரெல்லாம் வழுக்கி விழுந்தன. எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. அறை மூலையிலிருந்த கை கழுவும் பேசினில் மூன்று தரம் ஷாம்பூ போட்டுக் கழுவினேன். கூட வந்திருந்த, அவளை வளர்த்த சாச்சி, உம்மாவின் தங்கை, அசையவே இல்லை. "இது சும்மா எண்ணெய் இல்ல மகள், ஓதின எண்ணெய். உங்கட மெசினுக்கும் நல்லந்தான்."

பின்னால் நின்றது

பதினொரு மணிபோல் தூங்கிப் போனாள். கொஞ்ச நேரத்தில் மூடிய இமைகளுக்குள் கண்மணிகள் ஓடத் தொடங்கின. உடம்பு துவண்டு கிடந்தது. கனவுத் தூக்கம். "தண்ணி வடிஞ்சிட்டா?" என்று மெல்லக் கேட்டாள்.

இந்தக் கேள்வி எனக்குப் புதிதில்லை. போன மாதம் திருக்கோவில் மீன் வியாபாரி ஒருவர் இதே கட்டிலில் தூங்கிக்கொண்டே இதைத்தான் கேட்டார். அதற்கு முன் நிந்தவூர் டீச்சர் ஒருவர். மூவரும் சுனாமியில் ஆட்களைப் பறிகொடுத்தவர்கள், ஒருவரையொருவர் அறியாதவர்கள். பரீதாவுக்கு அப்போது ஆறு வயது. உம்மாவைக் கடல் கொண்டுபோனது. தூங்குகிறவரோடு நாங்கள் கதைக்கக் கூடாது. தெரிந்தும், பாவம் என்று மனம் கேளாமல், "ஓம், வடிஞ்சிட்டு" என்றேன். கண் திறக்காமலே கேட்டாள்: "அப்ப ஏன் உம்மா உங்களுக்குப் பின்னால நனைஞ்சி நிக்கிறா?"

டொக்டரின் ஏச்சு

திரும்பிப் பார்த்தேன். நீங்களென்றாலும் பார்த்திருப்பீர்கள். சுவர்தான் இருந்தது. சுவரடியில் தரை நனைந்திருந்தது. தலை கழுவிய தண்ணீர்தான் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அதற்குள் பரீதா அலறி எழும்பி என் மணிக்கட்டைப் பிடித்துவிட்டாள்.

கோடுகளில் வலிப்பு இல்லை. டொக்டர் நிசாரையும் கூப்பிட்டு விளக்கினார். கனவுத் தூக்கத்தில் மூளை பழைய நினைவுகளைத் திரும்ப எடுத்து, நடந்ததை அப்படியே வைத்து, அதிலுள்ள பயத்தை மட்டும் குறைக்கப் பார்க்கிறது என்று ஆராய்ச்சிக்காரர்கள் நினைக்கிறார்களாம். பாதியில் எழும்பினால் வேலையும் பாதியில் நின்றுவிடுமாம். பகலில் அந்தக் கனவை நிசாரிடம் சொல்லி, முடிவை மட்டும் தன் விருப்பத்துக்கு மாற்றிச் சொல்லிப் பழகட்டும் என்றார். தூங்கியவளோடு நான் கதைத்ததையும் ஒப்புக்கொண்டேன். டொக்டர் ஏசினார்: "பாதி கழுவின மீன் சட்டியப் பறிச்செடுத்திருக்கீங்க மிஸ். இனி நாத்தம் எப்பிடிப் போகும்?"

பேக் திரும்பிய பிறகு

இரண்டு மாதம் கழித்து நிசார் மட்டும் வந்தார். பேக் பரீதா வீட்டுக்குத் திரும்பிவிட்டதாம். தினமும் பின்னேரம் அஸர் தொழுகைக்குப் பிறகு அவள் முடிவை மாற்றிக் கனவைச் சொல்லச் சொல்ல இவர் கேட்டுக்கொண்டிருப்பாராம். இப்போது அலறலே இல்லையாம். எனக்குச் சந்தோசத்தில் கண் கலங்கிவிட்டது. பிறகேன் முகம் இப்படி வெளிறிக் கிடக்கிறது என்று கேட்டேன். குரலைத் தாழ்த்திக்கொண்டார். "ராத்தா, முந்தநாள் தூக்கத்துல சிரிச்சிக்கிட்டு, 'உம்மா நனைஞ்ச உடுப்ப மாத்திட்டா' எண்டு சொன்னா. விடிய எழும்பிப் பாத்தா, கட்டிலடியில தரை நனைஞ்சி கிடக்கு."

அன்று தொட்டு, யாருக்குத் தலை கழுவினாலும் தரையைக் காயக் காய நானே துடைத்துவிட்டுத்தான் மெஷினைப் போடுகிறேன். எனக்கும் இரவில் தூக்கம் வரவேண்டுமே.