இருபது கவுன்களுக்கு ஒரு சராசரி

கணக்கு வரும் என்பதில் எனக்குக் கொஞ்சம் திமிர் உண்டு. ஐம்பதுகளில், ஆசிரியர் பயிற்சி முடித்து இலங்கை மலைநாட்டில் லிந்துலைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டப் பள்ளிக்கூடத்துக்கு வந்த புதிதில் அது கொஞ்சமல்ல, நிறையவே இருந்தது. ஐந்து வகுப்புக்கும் ஒரே கூடம், இரண்டே ஆசிரியர்கள். அதில் இளையவள் நான். கண்ணில் பட்டதையெல்லாம் கூட்டிப் பெருக்கிக்கொண்டு திரிந்தேன்.

அந்த வருடம் தலவாக்கலை மைதானத்தில் நடக்கும் விளையாட்டு விழாவுக்கு முதல் தடவையாக எங்கள் பிள்ளைகளையும் கூப்பிட்டிருந்தார்கள். இருபது பெண்பிள்ளைகளுக்கு ட்றில் பழக்கினேன். முன்னால் நின்று கட்டளை கொடுப்பவள், பன்னிரண்டு வயது முடிந்த ஒரு நெட்டைப் பெண். அவள் குரல் எழுந்தால் எதிர்மலையில் கொழுந்து எடுப்பவர்கள்கூட இடது காலை எடுத்து வைத்திருப்பார்கள். ஆனால் அவளுடைய அம்மா என்னிடம் கண்டிப்பாகச் சொல்லிவிட்டாள்.

"இந்த ட்றில்லோட போதுங்க டீச்சர். அடுத்த மாசம் தோட்டத்துல பேரு பதிஞ்சி என்னோட மலைக்குக் கொழுந்தெடுக்க வரட்டும்."

ஆக, பள்ளிக்கூடத்தில் அவளுக்கு மிச்சமிருந்தது அந்த ஒரு நாள்தான். அது அவளுக்கும் தெரியும். பழகிய ஒரு மாதமும் ஒரு நாள்கூடப் பிந்தி வரவில்லை.

பங்களாவிலிருந்து தொரைசானி, தோட்டத்துத் துரையின் மனைவி, ஒரு கட்டு வெள்ளைத் துணி கொடுத்தனுப்பினார். அதைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறித் தலவாக்கலைத் தையல்கடைக்குப் போனேன். விழாவுக்கு ஆறே நாள். இருபது கவுன் முடிய வேண்டுமானால் துணியை அடுக்கி ஒரே அளவாகத்தான் வெட்ட முடியும் என்றார் தையல்கார நானா. முஸ்லிம் கடைக்காரர்களை நாங்கள் நானா என்றுதான் கூப்பிடுவோம்.

"கூடப் பேருக்கு எது சரியா வருமோ அந்த அளவச் சொல்லுங்க டீச்சர். அதான் நம்ம சராசரி."

எனக்குச் சிரிப்பு வந்தது. சராசரி என்று மூன்று விதமாகச் சொல்லலாம். எல்லாவற்றையும் கூட்டிப் பகுப்பது ஒன்று. வரிசையாக நிறுத்தி நடுவில் நிற்பதைப் பிடிப்பது இன்னொன்று. நானா சொன்னதுபோல அதிகம் பேருக்கு உள்ளதை எடுப்பது மூன்றாவது. இன்றைக்குக் கணினியில் மூன்றுக்கும் தனித்தனிக் கட்டளை இருக்கிறதாம். அன்றைக்கு என்னிடம் இருந்தது ஒரு பென்சில். நானா சொன்னது கடைக்காரக் கணக்கு, முறையான கணக்கு நம்முடையது என்று நினைத்தேன். இருபது பேருக்கும் வேண்டிய கவுன் நீளத்தைக் கூட்டி, இருபதால் பகுத்து, முப்பது அங்குலம் என்று எழுதிக் கொடுத்தேன். நானா தாளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், கத்தரிக்கோலை எடுத்தார்.

விழாவுக்கு முதல் நாள் பிற்பகல் கவுன்கள் வந்தன. போட்டுப் பார்த்தால் ஒன்றுகூட ஒருத்திக்கும் சரியில்லை. சின்னப் பிள்ளைகள் பதின்மூன்று பேருக்குக் கணுக்காலை நோக்கித் தொங்கியது. பெரியவர்கள் ஏழு பேருக்குக் கட்டை. அந்த நெட்டைப் பெண்ணுக்கு முழங்காலுக்கு மேலே முக்கால் சாண் ஏறி நின்றது. அவள் இரண்டு கையாலும் விளிம்பை இழுத்துப் பிடித்துக்கொண்டு அசையாமல் நின்றாள். எனக்குப் பூமிக்குள் போய்விடலாம்போல இருந்தது.

கொழுந்தைத் தராசில் நிறுத்துவிட்டு அம்மாமார் வந்து சேர்ந்தார்கள். நான் சராசரியை விளக்கப் போனேன். நெட்டைப் பெண்ணின் அம்மா கேட்டுக்கொண்டிருந்துவிட்டு இடுப்பில் கை வைத்தாள்.

"செடிக்கு மேல மட்டக்கம்ப வச்சி, கம்புக்கு மேல நிக்கிறத கிள்ளி மட்டமாக்கலாம். புள்ளைங்க தலைய எப்புடிங்க டீச்சர் கிள்றது?"

எல்லாரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை. "தொடை தெரிய டவுனுக்கு அனுப்ப மாட்டேன்" என்று மகளின் கையைப் பிடித்தாள்.

மகள் நகரவில்லை. பக்கத்தில் சின்னப் பிள்ளைகளின் கவுன்களில் மிச்சத்தை வெட்டிக் கீழே போட்டுக்கொண்டிருந்தார்கள். அவள் குனிந்து இரண்டு பட்டைகளை எடுத்துத் தன் விளிம்போடு சேர்த்துப் பிடித்தாள். பிறகு மூன்றாவதையும். கவுன் முழங்காலைத் தாண்டியது.

"இதெல்லாம் சேத்தா பத்தும் டீச்சர்" என்றாள். "எல்லாருக்குமே பத்தும்."

கூட்டிப் பகுத்த சராசரியில், கீழே உள்ளவர்களிடம் எவ்வளவு மிச்சமோ அவ்வளவுதான் மேலே உள்ளவர்களுக்குக் குறை. பாடப் புத்தகத்தில் பத்து தடவை படித்திருக்கிறேன். அவளோ படிக்காமலே பிடித்துவிட்டாள். அதை அவள் அம்மாவிடம் அப்படியே சொன்னேன். அம்மா பட்டைகளைப் பொறுக்கிக்கொண்டு, லயத்து வரிசை வீடுகளில் தையல் மெசின் இருந்த வீட்டுக்கு நடந்தாள். இருட்டுவதற்குள் ஏழு கவுனையும் அவளே தைத்து முடித்தாள். மிஞ்சியது கைக்குட்டை அளவு துணி.

மறுநாள் மைதானத்தில், அடுக்கடுக்காகப் பட்டை வைத்த கவுனில் அவள் முன்னால் நடந்தாள். தலைவிக்கு விசேஷமாகத் தைத்ததா என்று வேறு பள்ளிக்கூடத்து டீச்சர் ஒருத்தி கேட்டாள். நான் ஆமென்று தலையாட்டினேன். எங்களுக்குப் பரிசு ஒன்றும் கிடைக்கவில்லை.

திரும்பும்போது பஸ் தரிப்பிடத்தில் அம்மா வந்து நின்றாள். அன்றைய வேலையை விட்டுவிட்டு வந்திருக்கிறாள். மகளின் கவுன் விளிம்பைத் தூக்கி, தான் போட்ட தையலைத் தடவிப் பார்த்தாள்.

"அடுத்த வருசமும் இதே கவுன் பத்துங்களா டீச்சர்?" என்று கேட்டாள், என் முகத்தைப் பார்க்காமலே.

நான் வாய் திறப்பதற்குள் மகள் சொன்னாள். "கீழ இன்னொரு துண்டு வச்சிக்கலாம்மா."