அப்பாவின் காரில் ஒரு பாட்டில் தண்ணீர்

கலிபோர்னியாவின் ஃப்ரீமான்ட் நகரில் எங்கள் அபார்ட்மென்ட் ஜன்னலைத் திறந்தால் வளைகுடா ஓரத்து உப்பளங்களின் சேற்று வாடை உள்ளே வரும். இன்றும் அந்த வாடை பட்டால் ஜன்னலைச் சாத்திவிடுகிறேன்.

அம்மா டெக்ஸாஸில் மருத்துவ "ரெசிடென்சி" பயிற்சி செய்துகொண்டிருந்தாள். அப்பா நீளமான பாலத்தைத் தாண்டி அக்கரைக்கு வேலைக்குப் போவார். ஒன்பது வயதான நான் பள்ளி விட்டதும், "யார் தட்டினாலும் தொறக்காதே" என்ற கட்டளைப்படி உள்ளே பூட்டிக்கொண்டு, அப்பா திரும்பும் ஏழு மணி வரை நூலகப் புத்தகங்களோடு கிடப்பேன். அடுத்த மாதத்திலிருந்து கீழ் வீட்டு லதா ஆன்ட்டி என்னைப் பார்த்துக்கொள்வதாகப் பேச்சு. அங்கே என் வயதுப் பெண் ஒருத்தி இருந்ததால் நாட்களை எண்ணிக்கொண்டிருந்தேன்.

அந்தப் புத்தகங்களில் ஒன்றிலிருந்துதான் நக்கலவி வந்து சேர்ந்தது. ஸ்காட்லாந்துத் தீவுகளின் கடல் பூதம் அது. குதிரையும் அதன் முதுகில் முளைத்த மனிதனும் ஒரே உடம்பு, தோலே கிடையாது, மூச்சுப் பட்டால் பயிர் கருகும். நல்ல தண்ணீரை மட்டும் அதனால் தாண்ட முடியாது, மழை பெய்தால் தலைகாட்டாது. அந்தத் தீவுக்காரர்கள் கொடுத்துவைத்தவர்கள். எங்கள் ஊரிலோ அக்டோபர் வரை சொட்டு மழை கிடையாது. அப்பாவோ தினமும் இரண்டு முறை உப்புத் தண்ணீரைக் கடந்தார். அம்மாவும் பக்கத்தில் இல்லை, அவரை அது கொண்டுபோய்விட்டால் எனக்கு யார் இருக்கிறார்கள் என்று நினைத்து நினைத்து அழுதேன்.

அதனால் தினமும் காலையில் பாட்டிலில் குழாய்த் தண்ணீர் பிடித்து அவர் காரில் வைத்தேன். மாலையில் காலிப் பாட்டில்தான் திரும்பி வரும். பாலம் வருவதற்கு முன்பே குடித்துத் தொலைத்தாரோ என்று பயந்து, மறுநாளிலிருந்து இரண்டு பாட்டில் வைத்தேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அப்பா போனில் அம்மாவிடம், "எனக்கு தண்ணியெல்லாம் எடுத்து வைக்கிறா தெரியுமா? ரொம்ப ரெஸ்பான்சிபிள் ஆயிட்டா. லதா வீட்ல விட வேண்டாம், தனியா மேனேஜ் பண்ணிப்பா" என்றார். பயமாக இருக்கிறது என்று அப்போதே சொல்லியிருக்கலாம். அவர் முகத்தில் அவ்வளவு பெருமை, மறுநாள் காலையும் இரண்டு பாட்டில் பிடித்து வைத்தேன். மேலும் இரண்டு வருடம் அப்படியே தனியாகப் பூட்டிக்கொண்டு கிடந்தேன்.

அந்த அபார்ட்மென்டை இடித்துவிட்டார்கள். அப்பாவும் போய்விட்டார், கடைசி வரை அவரிடம் பூதத்தைப் பற்றிச் சொல்லவில்லை. இப்போது அதே பாலத்தில் தினமும் நான்தான் போய்வருகிறேன். காரில் ஒரு பாட்டில் தண்ணீர் இருக்கிறது, நானே பிடித்து நானே வைத்தது. ஏழு மணிக்கு நான் திரும்பாவிட்டால் பயப்பட வீட்டில் யாருமில்லை.