சிங்க முத்திரைக் கத்தியின் இரண்டாவது அலகு

ஆந்திர எல்லையோரம் நகரி ஊரில் பவர்லூம் ஓட்டும் ரோஹிணிக்கு ஒரு பைத்தியம் உண்டு. ஊர்ப் பெண்கள் புடவை சேர்த்தால், அவள் பழைய மடக்குக் கத்தி சேர்ப்பாள். அவள் வீட்டுக்காரர் அண்ணாதுரை தலையில் அடித்துக்கொள்வதையும் எப்போதோ விட்டுவிட்டார்.

போன வருஷம் திருப்பதியில் பழம்பொருள் சேர்ப்பவர்கள் கூடினார்கள். அங்கேதான் அவள் மானம் கப்பலேறியது. வெள்ளைக்காரன் காலத்துச் சிங்க முத்திரைக் கத்தி என்று பெருமையாக ஒன்றை நீட்டினாள். நாகையா என்ற பெரியவர் அதை முகர்ந்து பார்த்து, ஆசிட் ஊற்றித் துருவேற்றிய புது சரக்கு என்று சொல்லிவிட்டார். கூடமே சிரித்தது. அசல் கிடைக்காமல் இனி இந்த வாசலை மிதிப்பதில்லை என்று ரோஹிணி அன்றே வைராக்கியம் கொண்டாள்.

இந்த வருஷக் கூட்டம் நெருங்கும் சமயத்தில், நாகலாபுரத்தில் சந்திரம்மா என்பவள் வீட்டில் அப்படியொரு கத்தி விற்பனைக்கு இருப்பதாகத் தகவல் வந்தது. போனில் வந்த படத்தில் அலகு கருகருவென்று இருந்தது. அவ்வளவு பழைய இரும்புக்கு அந்தக் கறுப்புதான் அழகு. ஆயுத பூஜை முடிந்ததும் முடியாததுமாக ரோஹிணி ஸ்கூட்டரை விரட்டினாள்.

சந்திரம்மா கத்தியை எடுத்து நீட்டினாள். அலகு கண்ணாடி மாதிரி பளபளத்தது.

"யக்கா, படத்துல கறுப்பா இருந்துச்சே?"

"பூஜைக்கு எப்பவும் சந்தனம் குங்குமம்தான் வெப்போம். நீ வரேன்னு சொன்னியேம்மா, அதான் புளியும் செங்கல்பொடியும் போட்டு நல்லா தேச்சு வெச்சேன்," என்றாள் சந்திரம்மா, பாராட்டை எதிர்பார்த்து.

அழுவதா சிரிப்பதா! இருந்தாலும் ரோஹிணி விடவில்லை. திறந்தாள்; டக்கென்று நின்றது. ஆட்டினாள், ஆடவில்லை. எருமைக் கொம்புப் பிடியில் ரிவெட் ஆணி வழவழவென்று படிந்திருந்தது. எல்லாம் சரிதான். ஆனால் அலகின் அடியில் இருக்கவேண்டிய சிங்கத்தைச் சந்திரம்மா தேய்த்தே கொன்றிருந்தாள். இதை வைத்துக்கொண்டு நாகையா முன்னால் எப்படி நிற்பது?

சோர்ந்துபோய்த் திருப்பினாள். பிடியின் மறுபக்கப் பள்ளத்தில் சிவப்பாக ஏதோ இறுகிக் கிடந்தது.

"அது பூஜைக்குப் பூஜை வெச்ச குங்குமம். சாமி சமாச்சாரம்னு அத்த மட்டும் தொடல."

குங்குமத்துக்கு அடியில் இரும்பு விளிம்பு ஒன்று எட்டிப் பார்த்தது. ரோஹிணி அதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். தேங்காயெண்ணெய் கேட்டு வாங்கிச் சொட்டுச் சொட்டாக விட்டு, விளக்குமாற்றுக் குச்சியால் மெல்ல நெம்பினாள். குங்குமம் உதிர்ந்தது. நகத்தால் இழுத்ததும் இரண்டாவது அலகு டக்கென்று எழுந்தது. கறுத்த இரும்பு, அடியில் பிடரி மயிரோடு அசல் சிங்கம்!

"கெடச்சிடுச்சு யக்கா!" என்று போட்ட கூச்சலில் தெருவே திரும்பிப் பார்த்தது.

"அடி ஆத்தே, உள்ள இன்னொண்ணு இருக்குதா! இத்தினி வருஷமா தெரியாமப் போச்சே. குடு இப்படி, அதையும் தேச்சுத் தரேன்."

ரோஹிணி கத்தியை மார்போடு அணைத்துக்கொண்டு எழுந்தே விட்டாள்.

திருப்பதியில் நாகையா முதல் அலகைத் திறந்தார். உதட்டில் அதே பழைய சிரிப்பு.

"ஏமம்மா, இந்த வாட்டியும் புது சரக்கா?" என்றார் தெலுங்கு வாடையில்.

கூடம் சிரிக்கத் தயாரானது.

"இன்னொண்ணையும் திறங்க சார்."

திறந்தார். கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டார். சிங்கத்தை விரலால் தடவிப் பார்த்தார். பிறகு தன் பக்கத்து நாற்காலியை அவளுக்காக இழுத்துப் போட்டார்.