வெள்ளைக் கோட்டில் நடந்த சரோஜா

சரோஜா இன்று விடிகாலை மருத்துவமனையில் இறந்துவிட்டாள். எங்கள் பள்ளி அலுவலகத்தில் முப்பது வருடம் கிளார்க்காக இருந்த சரோஜா… பழைய மாணவிகளுக்கு நினைவிருக்கும்.

நான் தலைமையாசிரியையாக இருந்த காலத்தில் அவள் டைப் செய்த கடிதங்களில் ஒரு பிழைகூடக் கண்டதில்லை. தேடியிருக்கிறேன்.

ஓய்வுபெற்று, என் கணவரும் போன பிறகு, எங்கள் ஊர் ரெங்கத்தில் தினமும் காலையில் என் வீட்டு கேட்டைத் தட்டியவள் அவள்தான். "முட்டி வலிக்குதுன்னு படுத்துட்டா, அப்புறம் முட்டி நம்மள மறந்துரும் டீச்சர். வாங்க."

திடலில் நெட்பால் கோர்ட்டின் வெள்ளைக் கோட்டின்மேல், ஒரு பாதத்தின் முன் மறு பாதத்தை ஒட்டி வைத்து நடப்போம். பிறகு கோல் கம்பத்தைத் தொட்டுக்கொண்டு ஒற்றைக் காலில் நிற்போம். விழாமல் இருக்க அவளுக்குப் பிசியோதெரபிஸ்ட் சொல்லிக்கொடுத்த பயிற்சி. சத்து, டுவா, தீகா என்று மலாயில் எண்ணுவாள். நான் தள்ளாடினால் மறுபடியும் சத்துவிலிருந்து.

"கான்வென்ட்ல சிஸ்டர் உங்கள ஒத்தக் கால்ல நிக்க வெச்சதே இல்லையா டீச்சர்?"

"என்னை யாரும் நிக்க வெச்சதில்ல."

"அதான் இப்ப ஆடுறீங்க லா."

ஒரு வருடத்தில் பஸ் படியைக் கைப்பிடி இல்லாமல் ஏறினேன். அவளிடம் அதைச் சொல்லவில்லை.

சென்ற ஆண்டு மழைக்காலத்தில் சந்தையின் ஈரத் தரையில் வழுக்கி விழுந்தாள். முழங்கையில் சிராய்ப்பு… அவ்வளவுதான். அடுத்த வாரமே நடக்க வருவதாக இருந்தாள்.

சிங்கப்பூரில் வேலை செய்யும் அவள் மகன் எனக்குப் போன் செய்தான். "ஆண்ட்டி, நான் சொன்னா அம்மா கேக்க மாட்டாங்க. நீங்க சொன்னா கேப்பாங்க. வீட்லயே இருக்கச் சொல்லுங்க."

சொன்னேன். அதே பழைய ஆபீஸ் குரலில். "சரோ, விழுந்தது போதும். இனிமே உக்காரு."

உட்கார்ந்துவிட்டாள். முப்பது வருடம் என் சொல்லைத் தட்டாதவள்.

நான் மட்டும் நடந்துகொண்டிருந்தேன்.

இந்தத் தீபாவளிக்குப் போனபோது, நாற்காலியிலிருந்து எழ இரண்டு கைகளையும் ஊன்றினாள். மூன்றாவது முயற்சியில் எழுந்தாள். சுவரைப் பிடித்துக்கொண்டே சமையலறைக்குப் போய் எனக்குக் காப்பி கலந்தாள்.

"மறுபடி நடக்கலாமா டீச்சர்?" என்று கேட்டாள். என் முகத்தைப் பார்த்துவிட்டு, "சும்மாதான் கேட்டேன்" என்றாள்.

பத்து நாட்களுக்கு முன், கட்டிலுக்கும் குளியலறைக்கும் நடுவே விழுந்தாள். நாலு எட்டு தூரம். இடுப்பு எலும்பு… அறுவை சிகிச்சைக்குப் பிறகு நெஞ்சில் சளி கட்டிக்கொண்டது. படுக்கையிலிருந்து எழவே இல்லை.

செய்தி வந்ததும் திடலுக்குப் போனேன். வேறு எங்கே போவதென்று தெரியவில்லை. கம்பத்தைத் தொட்டுக்கொண்டு ஒற்றைக் காலில் நின்றேன்.

சத்து… டுவா வருமுன் காலை ஊன்றிவிட்டேன். மறுபடியும் ஆரம்பிக்கச் சொல்ல ஆளில்லை.

நாளை காலை பத்து மணிக்கு வீட்டிலிருந்து எடுக்கிறார்கள்.

போய் வா, சரோ. மகனைக் கோபித்துக்கொள்ளாதே. உன்னை உட்காரச் சொன்னது நான்.