தோற்ற நாளில் போனை அணைப்பவன்

என் சிநேகிதனின் ஜனாஸா அடக்கத்துக்கு நான் போகவில்லை. காரணம் ஒரு உதைபந்தாட்ட மேட்ச். இதை இன்றுவரை யாரிடமும் சொன்னதில்லை, வீட்டிலும் சொல்லவில்லை. சொன்னால், ஐம்பது தாண்டிய மனிசனுக்கு இதெல்லாம் தேவையா என்று கேட்பார்கள். கேட்கட்டும், நியாயமான கேள்விதான்.

மாத்தளை டவுனில் எனக்குத் தானியக் கடை. நெல், உளுந்து, கௌபி, சோளம் எல்லாம் வாங்கி விற்கிறேன். அவனுக்கு இரண்டு தெரு தள்ளி இரும்புக் கடை. பாடசாலையில் ஒரே வாங்கில் இருந்தவர்கள் நாங்கள். பின்னேரம் அஸர் தொழுதுவிட்டுப் பள்ளிவாசலுக்கு எதிரே உள்ள தேத்தண்ணிக் கடையில் அரை மணித்தியாலம் உட்காருவோம். பேசுவது இரண்டே விஷயம். ஒன்று இங்கிலாந்துக் கிளப்புகள், மற்றது இலங்கை. இரண்டிலும் எங்களைக் கேட்டு ஒருத்தனும் எதுவும் செய்ததில்லை. ஆனாலும் தினமும் தீர்ப்புச் சொல்லாமல் எழும்ப மாட்டோம்.

என் கிளப் ஒரு காலத்தில் பெரிய கிளப். இப்போது அதன் செய்தியைப் படித்தால் வயிறு எரியும். கோடிகோடியாகக் கொட்டி, முழங்கால் போனவனாகப் பார்த்து வாங்குவார்கள். அவன் காலில் கட்டுப் போட்டுக்கொண்டு பாதி சீசனை மைதான ஓரத்து வாங்கில் உட்கார்ந்தே கழிப்பான். உடனே பயிற்றுவிப்பாளரைத் துரத்துவார்கள். புதியவர் வந்து எல்லாம் சரியாகிவிடும் என்பார், அவரையும் துரத்துவார்கள். துரத்தப்பட வேண்டியவர்கள் மேலே கண்ணாடி அறையில் கோட் போட்டு உட்கார்ந்திருக்கும் முதலாளிகள் என்பது உளுந்து விற்கிற எனக்கே விளங்குகிறது. அவர்களுக்கு விளங்காதா? விளங்கும். டிக்கெட் விலையைக் கூட்டினாலும் சனம் வருகிறதே, பிறகு என்ன கவலை.

அவனுடைய கிளப்பை வெளிநாட்டு எண்ணெய்ப் பணக்காரர்கள் வாங்கியிருந்தார்கள். வருடா வருடம் கிண்ணம். அந்தக் கிண்ணத்தில் தண்ணீர் தந்தாலும் குடிக்க மாட்டேன் என்பேன். நாம் பெட்ரோலுக்கு மூன்று நாள் வரிசையில் நின்றபோது அந்த எண்ணெயைப் பற்றி நீ குறை சொல்லவில்லையே என்று அவன் திருப்பிக் கேட்பான். நாட்டைப் பற்றிப் பேச்சு வந்தால் எப்போதும் ஒரே போடுதான்.

"உன்ட கிளப்பும் நம்ம நாடும் ஒண்ணு மச்சான். ஆள மாத்துவாங்க, ஆட்டத்த மாத்த மாட்டாங்க."

ஆட்சி மாறியபோது நான் முழுதாக நம்பினேன். அவனோ, ஒரு சீசன் போகட்டும், பிறகு பேசுவோம் என்றான். அந்த விவாதம் முடியவே இல்லை.

எங்கள் கூட்டத்தில் பதினொரு பேர். வட்ஸ்அப்பில் ஒரு குழு. அதில் ஒரு வழக்கம் உண்டு. யாருடைய கிளப் தோற்கிறதோ அவர் ஞாயிற்றுக்கிழமை எல்லோருக்கும் மாட்டிறைச்சி ரொட்டி வாங்கிக் கொடுத்து, உட்கார்ந்து நக்கலையும் கேட்க வேண்டும். ரொட்டி வாங்குவதில் எனக்குக் கஞ்சத்தனம் இல்லை. நக்கல்தான் தாங்காது. அதனால் தோற்ற நாளில் போனை அணைத்துவிட்டுத் திங்கட்கிழமைதான் போடுவேன். ரொட்டியும் திங்கட்கிழமைதான் வரும். குழுவில் எல்லோருக்கும் இது தெரியும்.

அந்தச் சனிக்கிழமை அவன் கிளப்பும் என் கிளப்பும் மோதின. நம் நேரத்துக்கு மாலை ஆறு மணி ஆட்டம். நான் என் வீட்டில், அவன் அவன் வீட்டில். நான்குக்குப் பூச்சியம். ஒவ்வொரு கோலுக்கும் அவன் ஒரு குரல் பதிவு அனுப்பினான். பேச்சே இல்லை, வெறும் சிரிப்பு. மூன்றாவது சிரிப்போடு போனை அணைத்தேன்.

மறுநாள் விடியற்காலை சுபஹுத் தொழுகைக்குப் பள்ளிவாசலுக்குப் போகவில்லை. போனால் அவன் பக்கத்து வரிசையில் நிற்பான், ஸலாம் கொடுத்த கையோடு நாலு விரலைக் காட்டுவான். வீட்டிலேயே தொழுதுவிட்டு, மனைவியிடம் சொல்லிவிட்டு, லொறியை எடுத்துக்கொண்டு வில்கமுவவுக்குக் கிளம்பினேன். நெல் எடுக்கச் செவ்வாய்க்கிழமைதான் போக இருந்தேன். உண்மையைச் சொன்னால் ஓடி ஒளியப் போனேன்.

மூன்று மணித்தியால ஓட்டம். வழியில் யானை லத்தி பாதையிலேயே கிடந்தது, ஆவி பறந்துகொண்டிருந்தது, கொஞ்சம் பயந்தேன். வழக்கமாக நெல் தரும் விவசாயியின் வீட்டுக் கேட் பூட்டியிருந்தது. அவருக்கு அழைக்கப் பத்து மணி போல் போனைப் போட்டேன். போட்டதும் டிங் டிங் என்று வந்து விழுந்தன. குழுவில் எழுபதுக்கு மேல். அதைத் திறக்கவே இல்லை. தவறிய அழைப்புகள் ஐந்து, ஐந்தும் அவன் நம்பரிலிருந்து. முதலாவது விடிந்தும் விடியாத நேரத்தில் வந்தது. பாவிப்பயல், படுக்கையிலிருந்து எழும்பியதுமே ஆரம்பித்துவிட்டான் என்று வாய்விட்டுத் திட்டினேன். விவசாயி வயலில் நிற்கிறேன் என்றார். அதைக் கேட்டுக்கொண்டு போனைத் திரும்பவும் அணைத்தேன்.

அப்போதே லொறியைத் திருப்பியிருந்தால் ஒரு மணிக்கு மாத்தளையில் இருந்திருப்பேன். இந்தக் கணக்கை எத்தனை தரம் போட்டுப் பார்த்தேன் என்று அல்லாஹ்வுக்குத்தான் தெரியும். நான் என்ன செய்தேன்? ஆற அமர நெல் நிறுத்தேன். அவர் வீட்டில் குளத்து மீன் கறியோடு சோறு தின்றேன். பசளை விலையைப் பற்றி அவர் சிங்களத்தில் குறைபட, நானும் அரசாங்கத்தைப் பற்றி நீளமாகப் பேசினேன். நன்றாகப் பேசினேன் என்று நினைத்து எனக்கே சந்தோஷம்.

வீட்டுக்கு வரும்போது பொழுது சாய்ந்து, மஃரிபுக்குக் கொஞ்ச நேரம்தான் இருந்தது. மனைவி கேட்டில் நின்றாள். ஒருநாளும் அப்படி நிற்பவள் அல்ல.

"ஏங்க இவ்வளவு நேரம்? ஒங்கட கூட்டாளி மௌத்தாகிட்டார். அடக்கமும் முடிஞ்சிருச்சி."

சுபஹுத் தொழுகைக்குக் கைகால் கழுவி வுழூ செய்யும்போது குழாயடியில் விழுந்தானாம். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக முன்னமே முடிந்துவிட்டதாம். லொறிச் சாவியை மனைவி கையில் கொடுத்துவிட்டு அப்படியே நடந்தேன்.

நம் ஆட்கள் ஜனாஸாவை வீட்டில் வைத்துத் தாமதிக்க மாட்டார்கள். மத்தியானம் லுஹருக்கே அடக்கியிருக்க வேண்டும். வெளிநாட்டிலிருந்து வரவேண்டிய பிள்ளையோ சகோதரனோ அவனுக்கு இல்லை. ஆனால் அஸர் வரைக்கும் வைத்திருந்தார்களாம். யாருக்காக என்று பாதையில் எதிர்ப்பட்ட ஒருவர் சொன்னார், எனக்காக. பேர் ஊர் தெரியாத எத்தனையோ பேரின் கப்றுக் குழியில் மூன்று பிடி மண் போட்டிருக்கிறேன். அவனுக்குப் போடவில்லை.

அவன் வீட்டு முற்றத்தில் பிளாஸ்டிக் கதிரைகளை அடுக்கிக்கொண்டிருந்தார்கள். அவன் மகன் வந்து என் இரண்டு கையையும் பிடித்தான். முப்பது வயது ஆம்பிளை, கண் வீங்கி இருந்தது. அவன் எதுவும் கேட்கவில்லை. நானாகத்தான் சொன்னேன்.

"வில்கமுவ பக்கம் சிக்னல் இல்ல மகன்."

எப்படி அந்தப் பொய் அவ்வளவு இலேசாக வந்தது என்று தெரியவில்லை. திரைக்குப் பின்னாலிருந்து, என்னை அண்ணன் முறையில் நானா என்று கூப்பிடும் சிநேகிதனின் மனைவியின் குரல் வந்தது.

"நான் அப்பவே சொன்னேன் நானா, அந்தப் பக்கம் சிக்னல் கெடைக்காதுன்னு. மனசுல ஒண்ணும் வச்சிக்காதீங்க."

மகன் இன்னும் என் கையை விடவில்லை.

"எனக்கும் அது தெரியும் சாச்சா. இருந்தாலும் வாப்பாட போன்ல இருந்துதான் கூப்பிட்டுப் பாத்தேன். என்ட நம்பர்னா பெறகு பேசுவோம்னு விட்ருவீங்க. வாப்பாட நம்பரக் கண்டா எங்க இருந்தாலும் எடுப்பீங்கன்னு நெனச்சேன்."

ஓம் மகன் என்றேன்.