பயப்படாத பறவை

பள்ளிபாளையம் பேருந்து நிறுத்தத்தில் என் அருகில் இருந்தவர் போர்வெல் வண்டிக்காரர். அகன்ற தோள், மெல்லிய குரல். சிந்திய பொரிக்கு வந்த மைனாக்களைக் கைதட்டி விரட்டிக்கொண்டே இருந்தார்.

“தின்னட்டுமுங்க, பாவம்,” என்றேன்.

“ஒரு தீவுல போர் போட்டமுங்க. அங்க ஒரு பறவை, ஆளப் பாத்தாப் பயமே இல்ல. கையில வந்து உக்காரும். அப்படியே புடிச்சுத் தின்னோம். கடைசில ஒண்ணுகூட இல்லீங்க.”

விலங்கியல் படிக்கிறவன், சும்மா இருக்க முடியவில்லை. “எதிரியே இல்லாத தீவுல, தலைமுறை தலைமுறையாப் பயம் அத்துப்போயிருமுங்க.”

“அந்தப் பயம் திரும்ப வருமுங்களா?”

“வரும். அதுவரைக்கும் பறவை மிஞ்சோணும்.”

மறுபடி கைதட்டினார். எல்லாம் பறந்தன. ஒரு மைனா மட்டும் தத்திவந்து அவர் மடியில் ஏறியது. அவர் இரண்டு கைகளையும் தொடைக்கடியில் வைத்து அழுத்திக்கொண்டார்.

பேருந்து வந்தது. அவர் எழவில்லை, மூச்சை அடக்கியபடி மடியிலிருந்த மைனாவையே பார்த்துக்கொண்டிருந்தார்.